திண்டிவனத்துச் சம்பந்தம்

விழுப்புரத்தைத் தாண்டி எங்கள் வீட்டில் யாரும் பெண் கொடுத்ததில்லை. காணைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன் என்று கைக்கெட்டும் தூரத்திலேயே மாப்பிள்ளைகள் கிடைத்துவிடுவார்கள். என் அக்காவை அம்மாவின் தம்பிக்குத்தான் என்று அவள் பிறந்த வருஷமே பேசி முடித்திருந்தார்கள். அவள் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டியவரும் அந்த மாமாதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமா அம்பத்தூருக்குப் பட்டறை வேலைக்குப் போனார். சில வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்தவர், தன் அறையில் தங்கியிருக்கும் திண்டிவனத்துப் பையனை அக்காவுக்குப் பார்க்கலாம் என்றார். நம்ம ஜனம்தான், தங்கமான பையன் என்றார். அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. உரிமைக்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது உறவில்லாத அசலில் கொடுப்பதா என்பது அவள் கட்சி. ஒன்பது வயதில் நானும் அம்மா கட்சிதான். மாமா விடாமல் பேசியதில், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கடைசியில் இறங்கி வந்தாள்.

பையனின் அம்மா பஸ் ஏறி வந்தார். தண்ணீர் கொண்டுபோன என் கன்னத்தைக் கிள்ளி, "அக்கா எங்க ஊருக்கு வந்துட்டா அழுவியா?" என்று கேட்டார்.

"அக்கா எங்கியும் வராது. மாமாவதான் கட்டிக்கப் போவுது" என்றேன்.

அந்தம்மா சொம்பைக் கீழே வைத்தார். "என்னாங்க இது? உரிமைக்காரர வச்சிக்கினு எங்கள வரச்சொன்னா நாளைக்குப் பேஜாராயிடுமே."

"நாந்தாங்க அந்த உரிமைக்காரன். நாந்தான் உங்க புள்ளைய சொன்னேன்" என்றார் மாமா.

"அது சரிங்க. பொண்ணு என்னா சொல்லுதுன்னு கேட்டுக்கினு போறேன். கூப்பிடுங்க."

அம்மா முதுகில் வைக்கப் போகும் அடியை எதிர்பார்த்து நான் கதவோரம் ஒண்டினேன். அக்கா வந்தாள். தலை நிமிரவில்லை, ஆனால் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு இந்த எடம் புடிச்சிருக்குங்க. மாமா எனக்கு மாமாவாவே இருக்கட்டும்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்கப் போனாள். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. மாமாவை நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை. அதற்கு முன்பு அந்தக் கேள்வியை அவளிடம் எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை என்பதும், அதைக் கேட்க அசலிலிருந்து ஒருத்தர் வரவேண்டியிருந்தது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.