கதவுக்குப் பின்னால் இருந்த பை

அவளை அக்கம்பக்கத்தில் எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்று, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதப் பயிற்சி எடுத்தவள். அதன்பிறகு இருபது வருடம் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக் குளிப்பாட்டினாள், புரட்டிப் போட்டாள், ஊட்டிவிட்டாள். நர்சிங் படிப்பு மட்டும் படிக்கவில்லை. “எங்க அண்ணி படிக்காத சிஸ்டர்” என்று நாத்தனார் நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்ததை அவள் மறக்கவும் இல்லை, அதற்காக அழுதுகொண்டிருக்கவும் இல்லை. நாற்பத்திரண்டாவது வயதில் நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்தது. காலை ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும் என்பதால், கல்லூரி விடுதியில் தங்கியே தீர வேண்டும். விடுதியில் கட்டில் இல்லையென்றால் படிப்பும் இல்லை.

வீட்டில் மாமனார் இருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து கால் இரண்டும் வேலைக்கு ஆகாது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அவரைத் தனியே விட முடியாது. பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாயிற்று, ஆனால் அவள் மறுநாள்தான் வருவாள். ஆகவே வீட்டின் முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் கணவர் அன்று மாமனாருக்குக் காவல், சிஸ்டர் மட்டும் வாடகைக் காரில் விடுதிக்கு என்று முடிவானது.

கிளம்புகிற நேரத்தில் மாமனார் கஞ்சி ஆறிவிட்டது என்றார். அவள் திரும்பவும் சுடவைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, கட்டில்மேல் இருக்கும் நீலப் பையைக் காரில் வைக்கும்படி கணவரிடம் சொன்னாள். அவர் வைத்தார். கார் கிளம்பியது.

விடுதி அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. முக்கால் மணி நேரம் நின்று அவள் ஜன்னலுக்கு வந்தபோது மணி மூன்றேகால். உள்ளே இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

“பொண்ணு எங்கம்மா?”

“எந்தப் பொண்ணு?”

“சேர வந்த பொண்ணு.”

“நான்தான் சார்.”

குமாஸ்தா பட்டியலை ஒருமுறையும் அவளை இருமுறையும் பார்த்தார். “சரி. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் எடுங்க.”

சிஸ்டர் பையைத் தூக்கி மேசைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள். முதலில் வந்தது ரப்பர் ஷீட். அடுத்து மூக்கு வைத்த குவளை. அதற்குக் கீழே பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு கட்டு. பக்க ஜிப்பில் மூடி போட்ட யூரின் பாட்டில்.

வீட்டில் ஒரே மாதிரி இரண்டு நீலப் பைகள், ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. ஒன்று மாமனாரின் ஆஸ்பத்திரிப் பை. எந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தாலும் தயாராக இருக்கட்டும் என்று ஒன்பது வருடமாகக் கதவுக்குப் பின்னால் அவளே வைத்திருந்தது. கார் வந்து நின்றால் எடுக்க வேண்டிய பை அதுதான் என்று கணவரின் கை பழகிவிட்டது. கட்டில்மேல் என்று அவள் சொன்னது காதில் விழுந்திருக்கும். கை கேட்கவில்லை.

“பரவால்ல, முன்னேற்பாடாத்தான் வந்திருக்கீங்க,” என்றார் குமாஸ்தா. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “அஞ்சு மணிக்கு ஜன்னல் சாத்திருவேன். அதுக்குள்ள சர்டிபிகேட் வரலைன்னா அடுத்த ஆளுக்குக் கட்டில் போயிரும். அப்புறம் இதுல பாதுகாவலர் கையெழுத்து வேணும். நேர்ல வந்து போடணும்.”

“யாருக்குப் பாதுகாவலர்?”

“உங்களுக்குத்தான். அறிவிப்புல நாலாம் பக்கம் போட்டிருக்கே.”

“எனக்கு நாற்பத்திரண்டு வயசு சார். வீட்டுல எல்லாருக்கும் நான்தான் காவல்.”

“படிவத்துல வயசு கேக்கலம்மா. கையெழுத்துதான் கேக்குது.”

அவள் மரத்தடிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“நான் பார்த்துத்தானே வச்சேன்!” என்றார் கணவர்.

“எதைப் பார்த்தீங்க? இங்க டயப்பரைக் கடை பரப்பிட்டு நிக்கிறேன். கட்டில்மேல இருக்கிற பையை எடுத்துட்டு உடனே வாங்க.”

“அப்பாவை யார் பார்க்கறது? தங்கச்சிக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்கறா. இந்தத் தடவை விட்டுட்டு, அடுத்த வருஷம்—”

“அவரையும் கூட்டிட்டு வாங்க.”

“அப்பாவையா? எப்படி?”

“ஒரு வாடகைக் கார் பிடிச்சு, முன் சீட்டுல உக்கார வச்சு பெல்ட்டப் போடுங்க. பையை மடியில குடுங்க. கால்தானே வரல அவருக்கு, மடி இருக்குல்ல?”

ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு யோசனை அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. பின்னாலிருந்து மாமனார், “என்னவாம் அவளுக்கு?” என்று கத்துவது கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

காத்திருந்த நேரத்தில் ஒரு அம்மாள் பெட்டி, வாளி, மகள் சகிதம் வந்து, “ஆயாம்மா, இதைக் கொஞ்சம் மூணாம் மாடிக்கு ஏத்திக் குடுங்களேன்” என்றார். “முதல் வருஷம் எல்லாருக்கும் மூணாம் மாடிதான், எனக்கும். உங்க பொண்ணோட படிக்க வந்திருக்கேன்” என்றாள் சிஸ்டர். அந்த அம்மாள் வாளியை அவசரமாகத் தானே தூக்கிக்கொண்டார்.

நான்கு. நாலரை. கணவருக்கு நான்கு முறை போன் போட்டாள். மூன்று முறை “வந்துட்டே இருக்கோம்” என்றார். நான்காவது முறை மாமனாரே எடுத்து, “இந்த டிரைவர் வழிய விட்டுட்டான்” என்றார். இருபது வருடத்தில் எத்தனையோ பேர் மூச்சுத் திணறும்போதுகூடப் பதறாதவள், மரத்தடியில் நின்று செருப்பால் மண்ணைக் குத்திக் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கார் வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் பையைக் கட்டிப் பிடித்தபடி மாமனார். அவள் கதவைத் திறந்து, அவர் மடியிலேயே ஜிப்பைத் திறந்து, சர்டிபிகேட் உறையை உருவினாள்.

“சர்டிபிகேட் இருக்கட்டும்,” என்றார் மாமனார். “எனக்கு அவசரமா வருது.”

“எப்போலேர்ந்து?”

“பாலம் தாண்டினதுலேர்ந்து. பாட்டில் கேட்டேன். உன்கிட்டதான் இருக்காம்.”

சிஸ்டரின் கை தானாகவே ஆஸ்பத்திரிப் பையின் பக்க ஜிப்புக்குப் போயிற்று. பாட்டிலும் கைக்கு வந்துவிட்டது. மாமனாரைச் சாய்த்து, துணி விலக்கி, முடித்து, துடைத்து நிமிர்த்த எப்படியும் பத்து நிமிடம். அவளுக்கு அது தெரியும். ஜன்னலுக்கு மிச்சம் இருந்தது ஆறு.

அவள் பாட்டிலைக் கணவர் கையில் கொடுத்தாள்.

“நானா?” என்றார் அவர்.

“உங்க அப்பாதானே. முதல்ல இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க. இங்க. இப்ப மூடியை இடப்பக்கமாத் திருகுங்க. கார்க் கதவை மறைப்பாத் திறந்து வச்சுக்கோங்க.”

“எனக்கு இது பழக்கமில்ல...”

“இவன் வேண்டாம், என் பேண்ட்டையும் சேர்த்துத் தைச்சிருவான்,” என்றார் மாமனார். “நீயே வா.”

“எனக்கு நேரமில்ல மாமா,” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் ஓடினாள்.

குமாஸ்தா ஜன்னல் கதவில் கை வைத்திருந்தார். உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். கடைசியில் படிவத்தைத் தட்டினார். “பாதுகாவலர் நேர்ல வரணும்னு சொன்னேனே?”

“வந்திருக்காரு. அதோ, கார்கிட்ட.”

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். கார்க் கதவுக்குப் பின்னால் குனிந்து ஒரு மனிதர் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். “நேரா பிடிடா! நேரா!” என்ற குரல் அலுவலகம்வரை கேட்டது. குமாஸ்தா சட்டென்று தலையை உள்ளே இழுத்து, முத்திரையைக் குத்தி, சாவியைத் தள்ளினார்.

அவள் திரும்பி வந்தபோது கணவரின் சட்டைக் கை நனைந்திருந்தது. மாமனார் அவளைப் பார்க்காமல் எதிர்ப்புறத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் பையைக் கொடுத்துவிட்டுத் தன் பையை வாங்கிக்கொண்டு, “போறப்போ பாலத்துப் பக்கம் போகாதீங்க, அங்க நெரிசல்” என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் மாடி அறையில் நான்கு கட்டில்கள். மூன்று போய்விட்டன. மிச்சமிருந்தது கதவுப் பக்கக் கட்டில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் இடித்துக்கொண்டு போகும் இடம். மெத்தையின் நடுவில் பள்ளம். அலமாரிக் கதவு சாத்தினால் திறந்துகொண்டது. பையைத் திறந்தால் தலையணையைக் காணோம். தலையணையைப் பையில் வைக்க இடமில்லாமல் அதன்மேல் வைத்திருந்தாள். கணவர் பையை மட்டும் எடுத்து வந்திருக்கிறார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பை எடுத்து உதறினாள். நான்கு மூலையையும் இழுத்து, மடித்து, செருகினாள். ஒரு சுருக்கம் இல்லை. போன் அடித்தது.

“அப்பாவோட ராத்திரி மாத்திரை எது?”

“ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டியிருக்கேன். நாலு பக்கம்.”

“நாலு பக்கமும் படிக்கணுமா?”

“ஆமா. நானும் நாலாம் பக்கத்தைப் படிக்காமதான் இன்னைக்கு மாட்டுனேன்.”

போனைக் குப்புற வைத்தாள். எதிர்க்கட்டிலில் வாளிக்கார அம்மாளின் மகள் விரிப்போடு மல்லாடிவிட்டு இவள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சூப்பரா போட்டிருக்கீங்க. எனக்கும் போட்டுத் தரீங்களா?”

“மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, துண்டை நான்காக மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள் சிஸ்டர்.