கடைசி ஓய்

சச்சிதானந்தன் அங்கிள் சப்பாத்துக்கு நாடா கட்டும் விதமே தனி. குறுக்கும் மறுக்குமாகப் போடமாட்டார். ஏணிப்படி மாதிரி நேராக இழுத்துக்கொண்டே போவார். ஒரு படி சரிந்தால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்குவார். அதன் பிறகுதான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளுகிற வேலைக்குப் புறப்படுவார்.

அந்தக் கட்டு லண்டனில் படித்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே கோல்யாட் மொப் என்று ஒரு தெருப் பங்க் ரொக் இசைக்குழு; அதன் ரசிகர்கள் சப்பாத்தை அப்படித்தான் கட்டுவார்கள். பாட்டென்றால் கிற்றாரில் மூன்று கோர்ட், மிச்சமெல்லாம் கத்தல். 1983இல் பாட்டொன்றைப் பதியும்போது, பல்லவியில் "ஓய், ஓய், ஓய்" என்று கத்த ஆள் போதாமல், பக்கத்துச் சிப்ஸ் கடை வரிசையில் நின்றவர்களை இழுத்துப் போனார்களாம். அங்கிளும் போனார். பாட்டில் எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு, தெருவின் அந்தப் பக்கம் போகிற கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல் ஒரு "ஓஓய்" தனியாக நீளும். அது தான்தான் என்பார்.

சிட்னியில், கிரவீன் பகுதியில் இருந்த அங்கிள் வீட்டில் அது பகிடி. அவர் மனைவி சந்திரவதனா அன்ரி விடமாட்டார். "வெள்ளையள் எல்லாரும் ஓய் எண்டுதான் கத்துறாங்கள். இவரின்ரை ஓய்க்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கோ?"

"இவள் ஒருத்தி நம்பினாப் போதும், தம்பி," என்பார் அங்கிள், பின்னறையில் வாடகைக்கு இருந்த என்னிடம்.

குழு இரண்டு தரம் உடைந்து ஒட்டியது. பாடகர்கள் ஐந்து பேர் மாறினார்கள். 2009இல் ஒரு ஞாயிறு பிற்பகல் சிட்னியில் வாசித்தபோது பழைய ஆள் என்று மிஞ்சியவர் டிரம்ஸ்காரர் மட்டும். அங்கிள் என்னைச் சாட்சிக்குக் கூட்டிப்போனார். நிகழ்ச்சி முடிந்ததும் டிரம்ஸ்காரர் முன்னால் நின்று "ஓஓய்!" என்று கத்தியும் காட்டினார். டிரம்ஸ்காரர் சிரித்து அங்கிளின் தோளில் தட்டினார். அன்று பாதித் தெருவே வந்து கத்தியது, ஒருவர் முகமும் ஞாபகமில்லை என்றார். நாடா கட்டியிருக்கிற விதத்தை மட்டும் மெச்சினார்.

வீடு திரும்பியபோது அன்ரி கதவைத் திறந்தபடியே, "என்ன ஓய், ஒப்புக்கொண்டவரோ?" என்றார்.

"சப்பாத்து வடிவாம்."

அன்ரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கிள் நாடாவை அவிழ்க்காமலே சப்பாத்தை உதறிவிட்டு உள்ளே போனார். ஒருநாளும் அப்படிச் செய்யாதவர்.

நான் வீடு மாறிப்போன நாளில்தான் அன்ரி குசினியில் வைத்துச் சொன்னார். கலியாணம் பேசியபோது மெல்பேர்னில் இருந்த அவருக்கு அங்கிள் ஒரு கசெற் அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் முழுக்கத் தன்னைப் பற்றி அவரே பேசிய கதை. மறுபக்கம் அந்தப் பாட்டு. இரண்டிலும் ஒரே குரல் என்று முதல் தரம் கேட்டபோதே அன்ரிக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த ஓய்யைக் கேட்டுத்தான் நான் கலியாணத்துக்கு ஓம் எண்டனான். அவரிட்டைச் சொல்லிப்போடாதையும், தம்பி. பிறகு ஆளைப் பிடிக்கேலாது."