சூலி நிற்கிறாள்

மும்பையில், டோம்பிவிலி லோக்கல் ரயிலில், லேடீஸ் பெட்டியில், தினமும் நின்றுகொண்டே வருவார் அந்தத் திருநெல்வேலி அம்மா. குட்டை உருவம், பெரிய குரல். தனக்கு இடம் தேடமாட்டார்; அடுத்தவருக்குத்தான் பிடித்துத் தருவார்.

அன்று எனக்கு ஏழாம் மாதம். என்னைக் காட்டி, தனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினார்: "சூலி கடீ ஹை, ஜகா தோ!"

பெட்டியே திகைத்தது. ஒருத்தி பதறி எழுந்தாள். நான் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன்.

"நம்ம சூலி, சூல்லேர்ந்து வந்தது, பிள்ளைத்தாச்சி. இவங்க இந்தி சூலி, சூலத்துலேர்ந்து வந்தது. கழுமரம்மா! கழுமரம் நிக்குது, இடம் குடுன்னு சொல்லிட்டீங்க."

"அய்யய்யோ, உன்னயவா அப்படிச் சொன்னேன்!"

சயானில் இறங்குமுன் குனிந்து, என் வயிற்றைத் தொட்டு, உள்ளே இருந்ததிடம் மெதுவாகச் சொன்னார்:

"நான் தமிழ்லதான் சொன்னேன், கேட்டியா?"