வெண்கல இலைக்குள் கிளியின் கால்

கீறல் விழுந்த பீங்கான் ஒலிக்காது, இருமும். இன்று காலை தேநீர்க் கோப்பை ஒன்று சிங்கின் விளிம்பில் இடித்து அப்படித்தான் இருமியது. குழாயை மூடிவிட்டு நின்றேன். அந்த இருமலை நான் முதலில் கேட்டது கனடாவின் அஜக்ஸ் நகரில், நண்பனின் வீட்டில், போன பனிக்காலத்தில்.

நண்பன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். மறுநாள் காலை நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். அவன் மனைவி தொலைபேசியில், "அண்ணை, ஒருக்கா வீட்டை வாங்கோ" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. 401 நெடுஞ்சாலையில் பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு என்னென்னவோ நினைத்தேன். எல்லாமே கெட்டவை.

நான் போனபோது கண்ணாடி அலுமாரியைத் திறந்துவைத்தபடி நின்றாள். உள்ளே அவனுடைய பச்சைக் கிளி. பழம்பொருள் ஏலங்களில் அலைந்து அலைந்து தேடிப்பிடித்தது. கிளி, சீனத்தில் சுட்ட பீங்கான். அது குந்தியிருக்கும் அடிமரமோ பொன்முலாம் பூசிய வெண்கலம்; எந்தக் காலத்திலோ ஐரோப்பாவில் யாரோ ஒரு சேகரிப்பாளனுக்காக வார்த்துப் பொருத்தியது. இலையும் கொடியுமாக அந்த வெண்கலம் கிளியின் வயிறுவரை ஏறியிருந்தது. அணைக்கிறதா, மறிக்கிறதா என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

"தூசு தட்டேக்கை விரலாலை சுண்டிப் பாத்தனான்" என்றாள். சந்தையில் சட்டி வாங்குகிறவர்கள் சுண்டுவதுபோல மறுபடியும் சுண்டிக் காட்டினாள். கிளி இருமியது. "இஞ்சை பாருங்கோ." கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை வெண்கல இலைகளுக்கு நடுவே பிடித்தாள். உள்ளே கால்களைக் காணவில்லை. உடைந்த இடத்தில் ஏதோ வெள்ளைச் சாந்து அப்பியிருந்தது.

"உடைஞ்சதை வீட்டுக்கை வைச்சிருக்கக் கூடாது அண்ணை. இவ்வளவு காலமும் சாமியறைக்குப் பக்கத்திலை நிண்டிருக்கு. நாளைக்கு அவரை உள்ளுக்குக் கொண்டுபோகேக்கை உது இஞ்சை நிக்கக் கூடாது."

"அவனைக் கேக்காமல் எப்பிடித் தங்கச்சி?"

"கேட்டால் சிரிப்பார். என்னாலை சிரிக்கேலாது."

சகுனங்களுக்கு எதிராக மேடையில் கதைத்தவன் நான். அந்த அலுமாரிக்கு முன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கிளியைப் போர்வையில் சுற்றி காரின் முன் சீற்றில் இருத்தி, பெல்ற்றும் போட்டுவிட்டேன். குப்பைக்கா, கடைக்கா, என் வீட்டுக்கா? யோசித்து முடிவதற்குள் கார் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருந்தது.

"என்னடா, செத்தவீட்டு முகத்தோடை வாறாய்? நான் இன்னும் சாகேல்லை" என்றான் நண்பன்.

அவள் சொன்னதையும் செய்ததையும் சொன்னேன். கால் இல்லாததையும் சொன்னேன்.

"தெரியும் மச்சான். தெரிஞ்சுதான் வாங்கினனான். உடைவை மறைக்கத்தான் சிலதுக்கு வெண்கலம் போட்டவங்கள். முழுக்கிளியெண்டால் என்ரை காசுக்கு வந்திருக்குமே?" சிரிக்கப் பார்த்தான். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

"என்ரை வீட்டிலை ஒளிச்சு வைக்கிறன். எறிஞ்சாச்சு எண்டு அவளுக்குச் சொல்லுவம்."

"உன்ரை மூஞ்சையிலை பொய் நிக்காது. வாசலிலை வைச்சே பிடிச்சுப்போடுவாள். பிறகு நாளைக்கு முழுக்க வெளியிலை கதிரையிலை இருந்து நடுங்குவாள்." யன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு, "கீழை காருக்கையோ இருக்கு?"

"ஓம். கொண்டுவரட்டே? ஒருக்காப் பாக்கிறியே?"

வேண்டாமென்று தலையை ஆட்டினான். ஊசி ஏறியிருந்த கையால் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். அது சரியாகத்தான் கிடந்தது. தாதி வந்து, நேரமாகிவிட்டது என்றாள். எழுந்து கதவுவரை போய்விட்டேன். பின்னால் கூப்பிட்டான்.

"டேய், உண்மையாவே எங்கையாவது விட்டிடு. எங்கை விட்டனியெண்டு மட்டும் எனக்குச் சொல்லிப்போடாதை. எழும்பினால் தேடிக்கொண்டு போயிடுவன்."