பன்னிரண்டு அட்டைகள், ஒரு பாதை

எனக்குத் தெலுங்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவை பஸ் போர்டுகள். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த புதிதில், குகட்பள்ளி எது, நாச்சாரம் எது என்று எழுத்துக்கூட்டியே முக்கால்வாசி தேறிவிட்டேன். அந்த மிதப்பில்தான், "போராட்ட அட்டையெல்லாம் நானே எழுதித் தர்றேன்" என்று குடியிருப்புக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன்.

விஷயம் இதுதான். கச்சிபௌலியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மண்பாதை. அதில் நடந்தால் மகளின் பள்ளிக்கூடம் ஐந்தே நிமிடம். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் குறுக்கே இரும்புக் கேட். பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் காவலாளி அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இனி மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். கம்பெனி பஸ்களும் கேப்களும் பறக்கிற அந்த ரோட்டை இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு கடப்பதற்குள் தினமும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு நாள் ஒரு கேப் அவள் புத்தகப்பையை உரசிக்கொண்டே போனது. அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நமக்கெதுக்கு இந்த வம்பு? கவர்மெண்டே அவங்க பின்னால நிக்கு" என்றார் என் கணவர்.

"நிக்கட்டும். நான் முன்னால நிக்கேன்."

சொன்ன பிறகு எனக்கே உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. காலேஜில் ஊர்வலம் என்றால் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனவள் நான்.

மகள் பள்ளியில் இருந்த நேரத்தில் சிவப்புப் பெயிண்டால் பன்னிரண்டு அட்டை எழுதி முடித்தேன். 'மா பாட்ட மாகு காவாலி.' எங்கள் பாதை எங்களுக்கு வேண்டும். ஒவ்வோர் அட்டையையும் சுவரில் சாய்த்துவைத்து ரசித்தேன்.

மறுநாள் காலை, பள்ளிக்கூட நேரத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கேட் முன்னால் கூடினோம். பக்கத்து வீட்டு அக்கா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அட்டையைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா எழுதி வெச்சிருக்கே? எங்க பாட்டு எங்களுக்கு வேணும்னுல்ல இருக்கு!"

தெலுங்கில் பாதையும் பாட்டும் நம் காதுக்கு ஒன்றுதான். முதல் எழுத்து மட்டும் வேறு. பாதைக்கு, பஸ்ஸில் வருகிற ப. பாட்டுக்கு, பல்லில் வருகிற ப. ஒரே எழுத்தை வைத்து இரண்டு வேலையும் பார்த்துப் பழகிய தமிழ்க் கை பன்னிரண்டு அட்டையிலும் பல்லையே போட்டிருந்தது. எனக்கு மானம் போனது.

"கிழிச்சுப் போட்டுரட்டுமாக்கா?"

"நக்கோ, நக்கோ! வேண்டாம், தூக்கிப் பிடி. சிரிச்சாலும் திரும்பிப் பாப்பாங்கல்ல?"

சிரித்தார்கள். அதே பாதையில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், அக்கா படித்துச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, "பாட்டுதானே வேணும்?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, நாற்று நடும்போது பாடுகிற பாட்டு ஒன்றை எடுத்தாள். மற்றவர்கள் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் மெயின் ரோடு வரை வழிந்தது. ஒரு கம்பெனி பஸ் நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. வார்த்தை ஒன்றும் புரியாமலே நானும் தொண்டை கிழியப் பாடினேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததே இல்லை.

மூன்று மனு கொடுத்தும் எட்டிப் பார்க்காத வருவாய்த்துறை அதிகாரி, அரை மணி நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆகண்டி, அடிகி செப்தானு" என்றார். பொறுங்கள், கேட்டுச் சொல்கிறேன். கலெக்டரைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மரத்தடிக்குப் போய் செல்போனை எடுத்தார். "சார்... எஸ் சார்... ஒன்லி லேடீஸ் சார்..." ஒவ்வொரு சாருக்கும் முதுகு கொஞ்சம் வளைந்தது.

அக்கா காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு என்னிடம் கிசுகிசுத்தார். "ஹவ், நெஜமாதான். கம்பெனி மேனேஜர்கிட்ட கேக்குறாரு."

திரும்பி வந்தவரின் முகம் மலர்ந்திருந்தது. "ஒப்புகுன்னாரு!" கம்பெனி ஒப்புக்கொண்டதாம். காலையும் மாலையும் பொதுமக்கள் நடந்து போகலாமாம். ஒரே கைதட்டல். நானும் துள்ளிக் குதித்து, "தேங்க்யூ சார், தேங்க்யூ சார்!" என்று கத்தினேன். அப்புறம்தான் எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன், இது யாருடைய பாதை என்று.

"கவர்மெண்ட் பாதைதான், மேடம்."

பிறகு எதற்கு அவர்களைக் கேட்க வேண்டும் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. கவர்மெண்ட் பாதையாக இருக்கப்போய்த்தான் கேட்டு வாங்கித் தர முடிந்தது, அவர்களுடைய சொந்த இடமென்றால் தன்னால் என்ன செய்திருக்க முடியும் என்று பொறுமையாக விளக்கினார்.

கேட் திறந்தது. மகள் என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினாள். இனி மெயின் ரோடு இல்லை, கேப் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது: எங்கள் பாதையில் நாங்கள் நடப்பதற்கு அவருக்கு இரண்டு தரம் தேங்க்யூ சொல்லியிருக்கிறேன். வந்த ஆத்திரத்தில் மகளையும் தாண்டி நடந்தேன். "அம்மா, ஆகு! பொறு!" என்று அவள் பின்னால் ஓடி வந்தாள்.