டெம்பரரி அக்காவின் பதினேழு நாட்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் டெம்பரரி அக்கா. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரிக்கோல், துணி எல்லாவற்றையும் எஃகு டிரம்களில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டிக்குள் தள்ளி அவித்து, கிருமியில்லாமல் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்று, இப்போதைக்கு டெம்பரரிதான் என்றார்கள். இது பதினெட்டாவது வருஷம். தலை பாதி நரைத்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வார்த்தையின் லட்சணம் அவளுக்கு அத்துப்படி. பெட்டியின் கதவுப்பிடி உடைந்தபோது எலக்ட்ரீஷியன் ஒரு கம்பியைச் சுற்றி, டெம்பரரியாக இருக்கட்டும் என்றார். அவர் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார், கம்பி இன்னும் டியூட்டியில் இருக்கிறது. பல் டாக்டர் டெம்பரரியாக அடைத்துவிட்ட கடைவாய்ப் பல்லால்தான் எட்டு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறாள். மருமகன் வேறு வீடு கிடைக்கும்வரை டெம்பரரியாகத் தங்க வந்தார். முன்னறைக் கட்டில் இப்போது அவர் பேருக்குப் பட்டா போட்ட மாதிரி ஆகிவிட்டது. அசையாத எதற்கும் அந்த வார்த்தையைத் தாராளமாகக் கொடுத்தார்கள். அவளுக்கு மட்டும்தான் அது எந்த நேரமும் கழுத்துக்கு மேலே கத்தியாகத் தொங்கியது.

அதற்கென்று ஒரு ஏற்பாடும் வைத்திருந்தார்கள். வருஷம் முடிகிற அன்று ஒரே ஒரு நாள் அவளை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். மறுநாள் புது ஆர்டர் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று நாளைக்கு அவள் உரிமை கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் அந்தக் கிழட்டுப் பெட்டியின் வால்வு அவள் கைக்கு மட்டும்தான் அடங்கும். அதனால் அந்த ஒரு நாளும் காலையிலேயே ஆபீஸ் கிளார்க் போன் செய்வார். வந்துட்டுப் போங்கக்கா, அட்டென்டன்ஸ்ல மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க என்பார். நிரந்தரமாக்குகிற அடுத்த லிஸ்ட்டில் பெயர் வரும் என்ற ஆசையில் இவளும் போவாள். அதை நினைத்தால் இப்போது தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வருகிறது.

போன மாதம் நிரந்தரமாக்கும் லிஸ்ட் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. கிளார்க்கிடம் கேட்டாள். அவர் ஃபைலை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, சர்வீஸ் தொடர்ச்சியாக இல்லை, வருஷத்துக்கு ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது என்றார், ஏதோ அவளே ஊர் சுற்றப் போன மாதிரி. போன் போட்டுக் கூப்பிட்ட அதே வாய். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடம் போய் உட்கார்ந்தாள். அந்த சிஸ்டருக்கு ஒரு பழக்கம். டிரம்மின் மேல் தேதி, நேரம், அவித்தவர் கையெழுத்து என்று ஒரு சீட்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டரே வந்து நின்றாலும் மூடியைத் திறக்க மாட்டார். திறந்த பிறகு அந்தச் சீட்டை தியேட்டர் ரெஜிஸ்டரில், அந்த ஆபரேஷனுக்கு நேராக ஒட்டிவிடுவார். இருவரும் பழைய ரெஜிஸ்டர்களை இறக்கித் தூசு தட்டினார்கள். இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் அதிலேயே போனது. நிறுத்தி வைத்த பதினேழு நாளும் கிடைத்தது. பதினேழிலும் அவள் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்து, வாலை இழுத்துவிட்டு.

தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு சூப்பரின்டெண்டைப் பார்த்தாள். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சீட்டெல்லாம் கணக்கில் வராது, டெம்பரரியாகவே இருங்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

“அந்தப் பதினேழு நாள் நான் வேலை பார்த்தேன்னு எழுதிக் கொடுங்க சார். இல்லேன்னா அந்தப் பதினேழு நாளும் அவிக்காத கத்தியாலதான் ஆபரேஷன் பண்ணினோம்னு எழுதிக் கொடுங்க. எதுவா இருந்தாலும் வாங்கிக்கிறேன்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கிறேன் என்று அனுப்பிவைத்தார். யோசிப்பதும் டெம்பரரிதான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

பதினெட்டாவது நிறுத்த நாள் வந்தது. முந்தின நாளே அவசர கேஸ்களுக்கு நாலு டிரம் அவித்து, சீட்டு ஒட்டி, சிஸ்டர் கையில் கொடுத்திருந்தாள். நோயாளிகளோடு அவளுக்கு என்ன சண்டை? காலையில் வழக்கம்போல் கிளார்க் போன் செய்தார். வழக்கம்போல் அவளும் போனாள். ஆனால் பெட்டி அறைக்குள் போகவில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அட்டென்டன்ஸில் கையெழுத்துப் போடவிட்டால்தான் வால்வைத் தொடுவேன் என்றாள். வேறு ஆளை வைத்து ஓட்டிப் பார்க்கிறோம் என்று கிளார்க் போனார். பெட்டி உஸ்ஸென்று ஒரு சீறு சீறியது. போன வேகத்தில் திரும்பி வந்தார்.

பத்து மணிக்கு சூப்பரின்டெண்ட் வந்தார். காலை லிஸ்ட்டில் மூன்று ஆபரேஷன் காத்திருந்தது. அவளைப் பார்த்தார், அவள் மடியிலிருந்த தேதிக் காகிதத்தைப் பார்த்தார். வேலையை விட்டே தூக்கிவிடலாம் என்ற நினைப்பு ஒரு கணம் அவர் முகத்தில் ஓடியது. அவளும் அதைப் பார்த்தாள். ஆனாலும் ஸ்டூலை விட்டு நகரவில்லை.

கடைசியில் அவர் கிளார்க்கிடம், அவங்க சர்வீஸ் புக்கை எடுத்து அந்த நாளையெல்லாம் ஏத்துங்க, இன்னிக்கும் சேர்த்து என்றார். கிளார்க் புத்தகத்தை விரித்தார். மேஜை டிராயரைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்தார்.

“இப்போதைக்கு டெம்பரரியா குறிச்சு வைக்கிறேன்க்கா. அப்புறம் பார்த்துக்கலாம்.”

அவள் எழுந்து உள்ளே போனாள். டிரம் சீட்டுகளில் இத்தனை வருஷமாகக் கையெழுத்துப் போடுகிற பேனா பையில் இருந்தது. மூடியைக் கழற்றி, அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டு, பேனாவை அங்கே வைத்தாள்.

“இதால எழுதுங்க.”

பதினெட்டு தேதியும் ஏறும்வரை மேஜையருகிலேயே நின்றாள். சூப்பரின்டெண்ட் கீழே கையெழுத்துப் போட்டதும் பேனாவை வாங்கி, அட்டென்டன்ஸில் தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு போய்ப் பெட்டியின் வால்வைத் திறந்தாள்.