அச்சில் இல்லாத பத்து நிமிடம்

ஐயா, அல்லது அம்மா,

எங்கள் மெதடிஸ்ட் திருச்சபையின் பழைய பதிவேடுகள் உள்ள இரும்புப் பெட்டியை நூற்றாண்டு விழாவுக்காகத் திறக்கப்போகும் தங்களுக்கு என் வணக்கம். எழுபத்தைந்தாம் ஆண்டான பவள விழாவைக் கண்டவன் நான். அவ்வேளையில் எனக்கு எழுந்த ஒரு கேள்வியையும், அதற்குக் கிடைத்த விடையையும், விடை கிடைத்த பின்னும் நான் செய்த பிழையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் வாயிற்காவலனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று எழுதி எழுதியே எனக்கு எழுத்து கைவந்தது. பின்னர் சபையில் எதை அச்சடித்தாலும் பிழை பார்க்க என்னிடம் தரலானார்கள்.

பவள விழா ஆராதனை முறையின் அச்சுப்படியைச் செயலாளர் கொண்டுவந்தார். அவர் பள்ளி ஆசிரியர். என் மகன் வயது. படித்துக்கொண்டே வந்த நான், இரண்டாம் பாட்டுக்குக் கீழே ‘உடனே அங்கத்தினர் சேர்ப்பு’ என்றிருக்கக் கண்டு நின்றுவிட்டேன். எங்கள் ஆராதனை எட்டு மணிக்குத் தொடங்கும். இரண்டாம் பாட்டு முடிந்ததும் அனைவரும் அமர்ந்து, பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாதிருப்போம். ஜெபமும் இல்லை, வாசிப்பும் இல்லை. மின்விசிறி சுற்றும், யாரேனும் இருமுவார். பிறகே போதகர் எழுந்திருப்பார். மணமாகி இச்சபைக்கு நான் வந்த நாள்முதல் இதுவே வழக்கம்.

“காத்திருப்பக் காணோமே, தம்பி?” என்றேன்.

“அது எந்தக் காலத்துல அச்சுல இருந்துது, ஐயா? சும்மா உக்காந்துனு இருக்கறத எப்படி அடிக்கறது? பேராயர் வேற சீக்கிரம் கெளம்பணுமாம். இந்த ஒரு நாள் விட்டுடலாம்.”

“நாம எதுக்குத்தான் காத்திருக்கறோம்?”

“உங்களுக்கே தெரியலன்னா எனக்கு எப்படி ஐயா தெரியும்?” என்று அவர் சிரித்தார்.

அன்றுமுதல் அக்கேள்வி என்னை விடவில்லை. பாடகர்களைக் கேட்டேன், ஆர்மோனியம் வாசிப்பவர் மூச்சு வாங்கிக்கொள்வதற்கு என்றார்கள். அவரைக் கேட்டேன். “பாடறவங்களுக்குத்தான் மூச்சு வாங்குது, எனக்கென்ன?” என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கத்தோலிக்கரின் பெரிய கோயில் மணி ஓயும்வரை நம்மவர் வாய் திறக்கக் கூடாதென்று சட்டம் இருந்ததாக ஒருவர் உறுதியாகச் சொன்னார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, “இதெல்லாம் படிச்சா தெரியும்?” என்று என்னையே கடிந்துகொண்டார்.

இரும்புப் பெட்டியிலும் தேடினேன். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் பதிவாகியிருந்தன. காத்திருப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கடைசியில், சாரம் பகுதியில் மகள் வீட்டில் வசிக்கும் ஒரு முதியவரிடம் போனேன். பஞ்சாலையில் நூல் நூற்றவர். எழுபதைக் கடந்த என்னை அவர் தம்பி என்றே அழைத்தார்.

“மில்லு சங்கு எட்டு மணிக்கு ஊதும், தம்பி. நைட் ஷிப்டு முடிச்சு நேரா கோயிலுக்கு ஓடியாருவோம். தலையெல்லாம் நரச்ச மாதிரி பஞ்சு ஒட்டிக்கினு இருக்கும். முன்னாடி உக்காந்திருக்கறவங்க, ‘கெழவனுங்க வந்துட்டானுங்க’ன்னு சிரிப்பாங்க. அப்ப இருந்த போதகரு ஒரு நாளு அதப் பாத்துட்டாரு. கேட்டாண்ட ஒரு கொழா போட்டாரு. ‘அவங்க கழுவிக்கினு வந்து உக்கார்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்’னுட்டாரு. அவ்ளோதான்.”

“மில்லு மூடுன அப்புறம்?”

“சங்கு நின்னுபோச்சு. ஒங்கள யாரும் எழுந்துருன்னு சொல்லல, உக்காந்துனே இருக்கீங்க!” என்று பொக்கை வாய் திறந்து சிரித்தார்.

விடை கிடைத்த மகிழ்ச்சியில் திரும்பினேன். சங்கே இல்லாதபோது காத்திருப்பு எதற்கு, விட்டுவிடலாம் என்று செயலாளரிடம் நானே சொல்லி, அச்சுப்படியில் கையொப்பமும் இட்டேன்.

விழாவுக்கு முந்திய ஞாயிறன்று அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எப்போதும் முன்வரிசையில் அமர்கிறவன் நான். அன்று இரண்டாம் பாட்டு முடிந்ததும் எழுந்து வாயிலுக்குப் போனேன்.

எட்டு இருபதுக்கு ஒரு பெண் பேருந்தை விட்டு இறங்கி ஓடிவந்தார். கோரிமேட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவெல்லாம் வார்டு துடைக்கும் வேலை அவருக்கு. ஆராதனை முடிந்து கலையும்போது அவர் முகத்தைக் கண்டிருக்கிறேன். எப்போது வருகிறார் என்று அறிந்ததில்லை. குழாயைத் திறந்து முழங்கைவரை கழுவினார்.

“பினாயில் வாடை போவ மாட்டேங்குது, ஐயா” என்றார், நான் கேளாமலே.

“எப்பவும் இந்த நேரந்தானாம்மா?”

“மாத்து ஆளு வந்து, பஸ்ஸு புடிச்சா இதான் நேரம். அடுத்த வாரந்தான் என்ன பண்றதுன்னு தெரியல. ரெண்டாம் பாட்டு முடிஞ்சவொடனே பேரு கூப்புடுவாங்களாமே.”

ஓராண்டு வகுப்புக்கு வந்து, பவள விழாவன்று சபையின் முழு அங்கத்தினராகச் சேர்க்கப்பட இருந்த மூவரில் அவர் ஒருவர். விழாவுக்கு முந்திய இரவு வேலையை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. கூப்பிடும்போது இல்லாவிட்டால் அவருடைய இடம் வெறுமையாக நிற்கும்.

“போதகர் கிட்ட சொல்லலியா?”

“எவ்ளோ பெரிய விசேஷம்! எனக்கோசரம் நிறுத்துங்கன்னு கேக்க முடியுமா, ஐயா?”

வேலையில் இருந்த நாளெல்லாம் யார் எப்போது வந்தார் என்பதையே எழுதினேன். இவர் ஞாயிறுதோறும் வந்ததை ஒரு நாளும் காணவில்லை.

ஆராதனை முடிந்ததும் செயலாளரிடமும் போதகரிடமும் சொன்னேன்.

“அச்சாயிடுச்சே, ஐயா! நீங்கதான பாத்துக் குடுத்தீங்க?” என்றார் செயலாளர்.

“தப்புதான். ஆனா அது எந்தக் காலத்துல அச்சுல இருந்துதுன்னு நீங்கதான கேட்டீங்க, தம்பி? இத்தன நாளும் அச்சுல இல்லாமத்தான காத்திருந்தோம்?”

போதகர் தம் படியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விழாவன்று இரண்டாம் பாட்டு முடிந்தது, அமர்ந்தோம். யாரும் எழவில்லை. பேராயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அச்சிட்ட தாளைப் பார்த்தார். போதகர் பக்கம் சாய்ந்தார். முன்வரிசையில் இருந்ததால் பதில் என் காதில் விழுந்தது. “இன்னும் ஒருத்தர் வரணும், ஐயா.” பேராயர் கடிகாரத்தை அங்கியின் கைக்குள் மறைத்துக்கொண்டார்.

பிறகு வாயிலருகே குழாய் திறக்கும் ஓசை கேட்டது. மூன்றாவதாக அவர் பெயர் அழைக்கப்பட்டபோது, “இருக்கேன்” என்று முன்னே வந்தார். நடந்துவந்த வழியெல்லாம் ஈரக்கால் பதிந்திருந்தது.

தங்கள் காலத்தில் அந்தக் குழாய் இருக்குமோ, அதில் யார் கை கழுவுவாரோ, அறிய ஆவலாக இருக்கிறது; நான் இருக்கமாட்டேன். காத்திருப்பை இன்றும் நாங்கள் அச்சிடுவதில்லை. இத்தாள்களில் மட்டுமே அது எழுத்தில் உள்ளது. படித்தபின் இவற்றை மீண்டும் அதே பெட்டியில் வைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.